வாலைக்கு இரண்டு சாவி

அப்பாவின் இரும்பு அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி இருக்கும். ஆயுத பூசையன்று மட்டும்தான் வெளியே வரும். அம்மா அதன் மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள். பூசை முடிந்ததும் அப்பா திறந்து காட்டுவார். உள்ளே நீல வெல்வெட் துணி. பெரிய பள்ளத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பித்தளைக் குண்டு. அதன் தலையில் கோடு போட்ட தட்டையான காம்பு, கீழே ஒரு குமிழ். பக்கத்தில் வரிசையாக ஒன்பது எடைகள், ஒவ்வொன்றிலும் 10, 20, 30 என்று 90 வரை எண் பொறித்திருக்கும்.

"இது சைக்ஸ் ஹைட்ரோமீட்டர் பாப்பா. இதை மிதக்க விட்டா ஸ்பிரிட்டுக்கு எவ்வளவு காரம்னு சொல்லிடும்."

அப்பா கலால் துறையில் இருந்தார். என் சிறுவயதில் ஒரு சர்க்கரை ஆலையை ஒட்டிய வடிப்பாலையில் அவருக்கு வேலை. கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து ஸ்பிரிட் வடிக்கும் இடம். வடித்த ஸ்பிரிட் போய்ச் சேரும் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆலைக்காரரிடம், இன்னொன்று அப்பாவிடம். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். சித்தி கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்த கையோடு சாப்பிடாமல்கூட அப்பா பஸ் ஏறியது அந்தச் சாவிக்காகத்தான். பிற்பாடு துறையில் கண்ணாடிக் கருவிகள் வந்து, பழைய பித்தளைச் சாமான்களைக் கழித்து ஏலம் விட்டபோது, இந்தப் பெட்டியை அவரே எடுத்துக்கொண்டார்.

சில வருடங்களுக்கு முன் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஸ்பே ஆற்றங்கரைப் பக்கம் ஒரு விஸ்கி வடிப்பாலையைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான். நான் குடிப்பதில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஸ்பிரிட் வடிக்கும் செம்பு வாலைகள் நிற்கும் கூடத்தில், பித்தளைச் சட்டமும் கண்ணாடிச் சுவருமாக ஒரு பெட்டி. ஊரில் சாமி உற்சவர் வைக்கும் கண்ணாடிக் கூண்டு மாதிரி துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பூட்டு. உள்ளே ஓடும் ஸ்பிரிட்டில் ஒரு ஹைட்ரோமீட்டர் மிதந்துகொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று நீல வெல்வெட் கண்ணுக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பாத்திரங்களின் கதையைத் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது இதுதான்: விஸ்கியின் ஒவ்வொரு பாத்திரத்திலும் வடித்தவரின் கைத்தடமும் இருக்கிறது, வரி கேட்டு வந்தவரின் கைத்தடமும் இருக்கிறது.

ஸ்காட்லாந்து விஸ்கியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து ஆதாரமே ஓர் அரசாங்கக் கணக்குப் புத்தகம்தான். 1494ஆம் ஆண்டு அரசக் கருவூலப் பதிவில் ஒரு வரி: ஜான் கோர் என்ற துறவிக்கு, அக்வா விட்டே செய்வதற்காக, எட்டு 'போல்' (அந்நாட்டுப் பழைய தானிய அளவை) மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, கொடுக்கப்பட்டது. அரசர் நான்காம் ஜேம்ஸின் காலம். அக்வா விட்டே என்றால் லத்தீனில் 'உயிர் நீர்'. அதையே கேலிக் மொழியில் உஷ்கெ பாகா என்றார்கள். அந்த உஷ்கெதான் தேய்ந்து விஸ்கி ஆனது. அப்போது அது மருந்து. எடின்பரோவில் அதை வடிக்கும் உரிமை 1505 வாக்கில் நாவிதர்–அறுவைவைத்தியர் சங்கத்திடம்தான் இருந்தது. முடிதிருத்துபவரும் ரண வைத்தியரும் ஒரே ஆளாக இருந்த காலம்.

இது நமக்கு அந்நியமான கதை இல்லை. சித்த மருத்துவத்திலும் வாலை இருக்கிறது. ஓமத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வாலையில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் ஓமத் தீநீர். அடியில் ஒரு பானை, மேலே ஆவி ஏறும் தலை, அதிலிருந்து இறங்கும் குழாய், குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர். அடிப்படையில் ஸ்காட்லாந்து மலைக்குடியானவனின் வாலையும் இவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க 'வாலை' என்றே எழுதுகிறேன். புளித்த கஞ்சிக்கும் நம் ஊர் வார்த்தையே இருக்கட்டும்: ஊறல். செய்தித்தாளில் 'ஊறல் அழிப்பு' என்று படித்துப் படித்து அது கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அதைவிடச் சரியான சொல் இல்லை.

இனி பாத்திரங்களுக்கு வருகிறேன்.

முதலில் பார்லி. அப்படியே புளிக்காது, அதில் இருப்பது மாவுச்சத்து. இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, கல் தரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, முளைவிட வைப்பார்கள். முளைக்கும்போதுதான் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தானியத்துக்குள் தயாராகும். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதில்லை. முளைகட்டிய மாவில் ஏன் இனிப்பு ஏறுகிறது என்பதற்கும் இதே நொதிதான் காரணம். தரையில் கிடக்கும் பார்லி தானாகச் சூடேறும். புரட்டிவிடாவிட்டால் வேர்கள் பின்னிப் பாயாகிவிடும். அதனால் இரவு பகல் பாராமல் மரத் துடுப்பால் அள்ளி அள்ளிப் புரட்ட வேண்டும். வருடக்கணக்கில் இதைச் செய்தவர்களுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கித் தொங்கிவிடும். அதற்கு 'குரங்குத் தோள்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்று பெரும்பாலான வடிப்பாலைகள் மால்ட்டை வெளியே ஆலைகளிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. ஸ்பிரிங்பேங்க், பவ்மோர், லஃப்ரோய்க், பல்வெனி போன்ற சில இடங்களில் மட்டும் இன்னும் தரையில் பரப்பிப் புரட்டுகிறார்கள்.

முளையைச் சரியான நேரத்தில் நிறுத்தச் சூளை வேண்டும். மரம் குறைந்த அந்தத் தீவுகளிலும் மலைகளிலும் எரிபொருள் பீட்: சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிப் படிந்த செடிகொடி மண். மண்வெட்டியால் செங்கல் போல வெட்டி, காற்றில் உலரவைத்து எரிப்பார்கள். அதன் புகை தானியத்தின் உமியில் ஒட்டிக்கொண்டு, அதற்குப்பிறகு நடக்கும் அத்தனையையும் தாண்டி மதுவில் நிற்கும். ஐலா தீவு விஸ்கியில் வரும் ஆஸ்பத்திரி வாசனை, டிஞ்சர் வாசனை என்று சொல்கிறார்களே, அது இந்தப் புகையின் ஃபீனால்தான். சூளைக்கு மேலே பௌத்தக் கோயில் கோபுரம் மாதிரி ஒரு கூரை இருக்கும். எல்ஜின் ஊர்க் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் டாய்க் 1889இல் டெய்லுவெய்ன் வடிப்பாலைக்காக, புகை நன்றாக இழுக்கட்டும் என்று அமைத்தது. சூளை அணைந்து பல பத்தாண்டுகள் ஆன இடங்களிலும் அந்தக் கூரையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அரைப்பதையும் கரைப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காய்ந்த மால்ட்டை நொய்யாக உடைத்து, பெரிய தொட்டியில் வெந்நீர் ஊற்றிக் கலக்குவார்கள். முதல் தண்ணீர் 64 டிகிரி செல்சியஸ் அளவில். அதற்கு மேல் கொதித்தால் நொதி செத்துவிடும். இனிப்புச் சாறு கீழே இறங்கும், சக்கை மாட்டுக்குப் போகும். சாற்றைக் குளிரவைத்து, ஆள் உயரத்துக்கும் மேலான மரத் தொட்டிகளில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டால், இரண்டு மூன்று நாளில் எட்டு சதவீத ஆல்கஹால் கொண்ட ஊறல் தயார். அந்த மரத்தொட்டி ஒன்றின் மூடியை எங்களுக்காகத் திறந்தார்கள். குனிந்ததும் மூக்கில் அறைந்தது கரியமில வாயு. ஒரு கணம் மூச்சே நின்றது. பின்னாலேயே பழுத்த பழமும் பழைய சோற்றுத் தண்ணீரும் கலந்த ஒரு வாசனை.

வாலைக் கூடத்தில்தான் என் கால் நின்றுவிட்டது. கழுத்து நீண்ட செம்புக் குடங்கள், இரண்டிரண்டாக. முதல் வாலையில் ஊறலைக் காய்ச்சினால் இருபத்திச் சொச்சம் சதவீதத்தில் ஒரு கலங்கல் நீர் வரும். அதை இரண்டாவது வாலையில் காய்ச்சினால் எழுபது சதவீதத்தை ஒட்டி ஸ்பிரிட். ஏன் செம்பு? வளைக்க எளிது, சூட்டைச் சீராகக் கடத்தும் என்பதால்தான் முதலில் எடுத்திருப்பார்கள். ஆனால் செம்பு இன்னொரு வேலையும் செய்கிறது: ஆவியில் இருக்கும் கந்தகச் சேர்மங்களைத் தன்மேல் பிடித்துக்கொள்கிறது. அவித்த முட்டைக்கோஸ் வாடை போகிறது. அதற்கு விலையாகச் செம்பு வருடா வருடம் மெலிந்துகொண்டே வரும். கடைசியில் வாலையையே மாற்ற வேண்டும். கழுத்து உயரமாக இருந்தால் கனமான ஆவி ஏற முடியாமல் திரும்ப விழும். லேசானது மட்டும் தாண்டும். கிளென்மொராஞ்சி வாலைகளின் கழுத்து ஐந்து மீட்டருக்கு மேல். மெக்காலன் வாலைகளோ குள்ளம், அதனால் அங்கே எண்ணெய்ப்பசை கூடிய கனத்த ஸ்பிரிட். பாத்திரத்தின் வடிவம்தான் ருசி.

இதை நிரூபிக்கிற மாதிரி ஒரு சம்பவம் டல்வின்னி வடிப்பாலையில் நடந்தது. ஆவியைக் குளிர்விக்கும் பழைய முறையில், பெரிய மரத்தொட்டி நிறையக் குளிர்ந்த நீர். அதற்குள் பாம்பு மாதிரி சுருண்டு இறங்கும் செம்புக் குழாய். 1986இல் டல்வின்னியில் இதை எடுத்துவிட்டு நவீனக் குளிர்விப்பான் வைத்தார்கள். ஸ்பிரிட்டின் குணமே மாறிப்போனது. 1995இல் சுருள்குழாயையும் தொட்டியையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்தச் சுருள்குழாய்க்கு வேறொரு கதையும் உண்டு. அதைச் சொல்ல வரிக்குப் போக வேண்டும்.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மதுவுக்கு முதல் வரி போட்டது 1644இல். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபின் வரி ஏறிக்கொண்டே போனது. 1725இல் மால்ட் வரியை எதிர்த்து கிளாஸ்கோவில் கலவரமே வந்தது. 1780களில் அரசாங்கம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது: எவ்வளவு வடித்தாய் என்று அளப்பதற்குப் பதில், உன் வாலை எத்தனை காலன் பிடிக்கும் என்று பார்த்து அதற்கு வரி. தெற்கே சமவெளி வடிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். வரி கொள்ளளவுக்குத்தானே? ஒரே வாலையை ஒரு நாளில் எத்தனை முறை காய்ச்சினாலும் வரி ஒன்றுதானே? வாலையைத் தோசைக்கல் மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் செய்தார்கள். தீயின் பரப்பு கூடியது. முன்பு மணிக்கணக்கில் வடிந்தது, 1790களின் முடிவில் சில நிமிடங்களில் வடிந்தது. வந்தது கரிப்பிடித்த முரட்டு ஸ்பிரிட். அதைத்தான் ஊர் குடித்தது. ஒரு சட்ட வாசகம் ஒரு பாத்திரத்தின் வயிற்றை இப்படி நசுக்கித் தட்டையாக்கியதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. செம்புக் கன்னான் தலைமுறை தலைமுறையாகத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்த வடிவம் அது.

மலைநாட்டில் வேறு விதம். 1814இல் ஒரு சட்டம், அங்கே 500 காலனுக்குக் குறைந்த வாலையே வைக்கக்கூடாது என்றது. நாலு ஏக்கர் பார்லி விதைக்கும் குடியானவன் 500 காலன் வாலைக்கு எங்கே போவான்? அவன் வடித்ததே வாடகை கட்டத்தான். மிஞ்சிய பார்லிக்கு மலையில் வேறு சந்தையும் இல்லை. எல்லோரும் கள்ளத்தனமாக இறங்கினார்கள். ஓடையோரக் குகையில், ஆட்டுக்கொட்டிலில், எங்கும் சிறிய செம்பு வாலைகள். ஆள் வருகிறது என்றால் தலையைக் கழற்றி ஒருவன், பானையைத் தூக்கி இன்னொருவன் என்று ஓடிவிடலாம். மொத்தச் சாமானிலும் விலை உயர்ந்தது சுருள்குழாய்தான். அது ஓட்டையாகிப் போனால் புதிது வாங்கக் கையில் காசிருக்காது. அப்போது மலைக்காரர்கள் செய்த வேலையாகச் சொல்லப்படுவது: வாலையைப் பிடித்துக் கொடுப்பவருக்கு அரசாங்கம் ஐந்து பவுண்டு வெகுமதி கொடுத்தது. பழைய சாமானைக் குகையில் போட்டுவிட்டு, தானே கலால் அதிகாரியிடம் போய்ச் 'சொல்லி', வெகுமதியை வாங்கிப் புதுக் குழாய் வாங்கிக்கொள்வார்கள்.

1822இல் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது கேட்டுக் குடித்தது கிளென்லிவட் பள்ளத்தாக்கின் விஸ்கி. அந்தப் பள்ளத்தாக்கில் அன்று வடிந்ததெல்லாம் கள்ளச்சரக்கு. அடுத்த வருடமே, 1823இல், சட்டம் மாறியது. பத்து பவுண்டு உரிமக் கட்டணம், வடித்த ஒவ்வொரு காலனுக்கும் தாங்கக்கூடிய வரி. 40 காலன் வாலை இருந்தால் போதும். 1824இல் அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் உரிமம் எடுத்த ஜார்ஜ் ஸ்மித்தை அக்கம்பக்கத்தாரே துரோகி என்று எரித்துவிடப் பார்த்தார்கள். பல வருடம் இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடுதான் நடமாடினார்.

வடித்ததற்குத்தான் வரி என்று ஆனபின், வடிந்த ஒவ்வொரு சொட்டையும் காவல் காக்க வேண்டுமே. அப்படி 1820களில் வந்ததுதான் நான் பார்த்த கண்ணாடிப் பெட்டி, ஸ்பிரிட் சேஃப். வாலையிலிருந்து வரும் ஸ்பிரிட் அதற்குள் ஓடும். முதலில் வருவது தலைச்சரக்கு, ஆகாது. நடுவில் வருவது நல்லது. கடைசியில் வருவது மறுபடி ஆகாது. தலைச்சரக்கும் வால்சரக்கும் திரும்ப வாலைக்கே போக வேண்டும். நடுவை மட்டும் பீப்பாய்க்குத் திருப்ப வேண்டும். வடிப்பவரோ தொடவும் முடியாது, முகரவும் முடியாது, நாவில் வைக்கவும் முடியாது, பூட்டியிருக்கிறது. வெளியே இருக்கும் பிடிகளைத் திருப்பி, உள்ளே ஒரு குவளையில் ஸ்பிரிட்டைப் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் விடுவார். பால்மாதிரி கலங்கினால் இன்னும் தலைச்சரக்கு. தெளிவாக நின்றால் நடு வந்துவிட்டது. ஹைட்ரோமீட்டர் மிதக்கும் உயரம் ஏறிக்கொண்டே போனால் வால் வரப்போகிறது. கண்ணால் மட்டுமே பார்த்து ருசியைத் தீர்மானிக்கும் கலையை ஒரு பூட்டு கற்றுக்கொடுத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த ஹைட்ரோமீட்டருக்கு வருகிறேன். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. காரம் கூடக்கூட மிதவை ஆழமாக இறங்கும். பார்த்தலோமியு சைக்ஸ் கலால் துறையிலேயே வேலை பார்த்தவர். அவர் வடிவமைத்த கருவியை 1816இல் சட்டம் ஏற்றது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அதற்கு முன்னால், வெடிமருந்தை மதுவில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள், பற்றிக்கொண்டால் 'ப்ரூஃப்' என்று சொல்வதுண்டு. சைக்ஸ் கருவி வந்த காலத்துச் சட்டம் அதற்குத் துல்லியமாக விளக்கம் எழுதியது: 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதே அளவு வாலைவடிநீரின் எடையில் பதிமூன்றில் பன்னிரண்டு பங்கு எடை இருக்கும் ஸ்பிரிட்தான் ப்ரூஃப். இன்றைய கணக்கில் அது 57.1 சதவீத ஆல்கஹால்.

இப்போது நம் ஊர்க் கடைக்கு வாருங்கள். டாஸ்மாக் விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 40 இல்லை, 43 இல்லை, அதென்ன 42.8? கூடவே 75 டிகிரி ப்ரூஃப் என்றும் இருக்கும். 57.1இல் முக்கால் பங்கு 42.8. பிரிட்டனே 1980இல் ப்ரூஃபைக் கைவிட்டுச் சதவீதத்துக்கு மாறிவிட்டது. சைக்ஸ் கணக்கு இன்னும் நம் தெருமுனைப் பாட்டிலின் லேபிளில் இருக்கிறது.

அப்பா வேலை பார்த்த ஆலையில் இருந்தவை குடம் மாதிரி வாலைகள் இல்லை. கோபுரம் மாதிரி உயர்ந்த தூண்கள். அதற்கும் ஒரு கலால் அதிகாரிதான் காரணம் என்று தெரிந்தபோது அப்பாவுக்கு உடனே போன் போட்டேன். அயர்லாந்தின் ஏனியஸ் காஃபி, படிப்படியாக உயர்ந்து அந்நாட்டின் கலால் தலைமை ஆய்வாளரானவர். 1810இல் டோனிகாலில் கள்ளச்சாராயம் பிடிக்கப் போன இடத்தில் கூட்டம் சூழ்ந்து அடித்து, மண்டை உடைந்து, செத்தார் என்று விட்டுப் போனார்கள். பிழைத்தார். வேலையை விட்டபின், 1830இல் தொடர்வாலை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு உயரமான தூண்கள். உள்ளே ஓட்டை போட்ட தட்டுகள். மேலிருந்து ஊறல் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும், நடுவழியில் சந்தித்து ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கும். அடுப்பை நிறுத்தவே வேண்டாம். அயர்லாந்தின் பெரிய வடிப்பாளர்கள் 'இது விஸ்கியே இல்லை' என்று ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1860இல் மால்ட் விஸ்கியோடு இந்தத் தூண்வாலை விஸ்கியைக் கலக்கச் சட்டம் வழிவிட, கலப்பு விஸ்கி உலகமெங்கும் போனது. நம் ஆலைகளில் மொலாசஸ் ஸ்பிரிட் வடிக்கும் தூண்களும் அந்த வம்சம்தான்.

பீப்பாய்க்கும் சட்டம் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915இல், புதுச் சரக்கை விற்கத் தடை வந்தது: இரண்டு வருடமாவது கிடங்கில் கிடக்க வேண்டும். பிறகு அது மூன்றானது. இன்றும் ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருடம் இருந்தால்தான் ஸ்காட்ச். பீப்பாயில் கிடக்கும் காலத்தில் மரத்தின் வழியே ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் போல. பெங்களூரில் அம்ருத் நிறுவனம் மால்ட் விஸ்கி முதிரவைக்கும்போது அது பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது; வெயில் அப்படி. அப்பாவின் பதிவேட்டிலும் 'அனுமதிக்கப்பட்ட கழிவு' என்று ஒரு பத்தி உண்டு. தேவதைகளுக்கு அரசாங்கம் ஒதுக்கிய இடம் அதுதான் என்று சொன்னேன். "அதுக்கு மேல ஒரு லிட்டர் போனாலும் விளக்கம் எழுதணும்மா" என்றார்.

ஸ்காட்லாந்தில் வடிப்பாலைக்குள்ளேயே தங்கியிருந்து சாவி வைத்திருந்த அதிகாரிகள் 1983இல் விலக்கிக்கொள்ளப்பட்டார்கள். அதற்குப்பிறகு ஸ்பிரிட் சேஃபின் சாவியை வடிப்பாலையே வைத்துக்கொண்டு கணக்குக் காட்டுகிறது. அதே 1983இல்தான் இங்கே டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. அப்பா அப்போது சாவியும் கையுமாக இருந்தார்.

அன்று அந்த வாலைக் கூடத்தில் நின்றுகொண்டே அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அங்கே மதியம், இங்கே சாயங்காலம். போனைத் திருப்பிக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே மிதக்கும் ஹைட்ரோமீட்டரைக் காட்டு என்றார், காட்டினேன். எத்தனையில் நிற்கிறது என்று படிக்கப் பார்த்தார், திரையில் தெரியவில்லை.

"அப்பா, இப்ப சாவி கம்பெனிக்காரங்ககிட்டயேதான் இருக்காம்" என்றேன்.

"ரெண்டாவது பூட்டு?"

"ஒரே பூட்டுதான்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பூட்டுக்கிட்ட கொண்டுபோ, சீல் வச்சிருக்காங்களான்னு பாரு" என்றார்.